மெதுவாகப் போன இரண்டு கப்பல்கள்



சென்ற தவணையில் படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு கற்பனைக் கட்டுரை கொடுத்தேன். தலைப்பு: 'நான் செல்ல விரும்பும் உல்லாசப் பயணம்'. லங்காவி, கேமரன் மலை, ஜப்பான் என்று வழக்கமான இடங்கள் வந்தன. ஒரு மாணவன் மட்டும் கிரேக்கத் தீவுகளுக்குப் பாய்மரப் படகில் போயிருந்தான். வெள்ளை வீடுகள், நீலக் கடல், நண்பர்கள், வறுத்த மீன் எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வரி: 'எங்கள் படகு அவசரமே இல்லாமல் மெதுவாகச் சென்றது.' நான் ஓரத்தில் சிவப்பு மையில் 'ஏன்?' என்று எழுதிவிட்டேன்.

அடுத்த நாள் அவன் நேராக வந்து கேட்டான். "டீச்சர், லீவுல போற படகு மெதுவாத்தானே போகும்? இதுக்கு ஏன் எதுக்குன்னு என்ன எழுதுறது?"

நியாயமான கேள்விதான். பதில் தேடப் போன நான் இரண்டு கப்பல்களிடம் மாட்டிக்கொண்டேன். இரண்டுமே அந்தக் கடலில் மெதுவாகப் போனவை. ஒன்றின் மெதுவால் ஒரு நகரமே பிழைத்தது. மற்றொன்றின் மெதுவால் ஒரு முதியவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்தது. மாணவர்களே, வரலாற்றுச் சான்று காட்டி எழுத வேண்டிய கட்டுரைகளில் இவை உங்களுக்குக் கைகொடுக்கும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாவிட்டால் மீதிக் கதை பிடிபடாது.

கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையில் இருப்பது ஏஜியன் கடல். கோடையில், அதிலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், அங்கே வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். இன்றைய கிரேக்கர் அதை மெல்டெமி என்கிறார்கள். பழைய கிரேக்கர் 'ஆண்டுக்காற்று' என்ற பொருளில் எட்டேசியாய் என்றார்கள். ஆண்டுதோறும் தவறாமல் வருவதால் அந்தப் பெயர். நாம் பருவக்காற்று என்று சொல்கிறோமே, அதே கணக்கு. உறவு பெயரோடு நிற்கவில்லை. கோடையில் இந்தியத் துணைக்கண்டம் சூடேறி உண்டாகும் பெரிய தாழ்வழுத்தம் மேற்கே துருக்கி வரை நீள்கிறது. பால்கன் நாடுகளின் மேல் உள்ள உயர் அழுத்தத்திலிருந்து காற்று அந்தத் தாழ்வழுத்தத்தை நோக்கிப் பாய்கிறது. இந்தியாவுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருவதும் அதே தாழ்வழுத்தம்தான். புவியியல் ஆசிரியர்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

மெல்டெமியின் குணம் விசித்திரமானது. மேகம் இருக்காது, மழை இருக்காது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே கடல் கொந்தளிக்கும். புகைப்படத்தில் பார்த்தால் எல்லாம் அமைதி. படகில் இருப்பவருக்குத்தான் தெரியும். இன்றும் ஒரு வார வாடகைக்குப் பாய்மரப் படகு எடுத்து ஏதென்ஸ் பக்கத்திலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு அனுபவசாலிகள் ஒரு விஷயம் சொல்வார்கள்: போவது சுலபம், காற்று முதுகில் தள்ளும். திரும்பி வருவதற்கு நாள் ஒதுக்கி வையுங்கள். எதிர்க்காற்றில் பாய்மரப் படகு நேராக வர முடியாது. இடமும் வலமுமாகக் குறுக்கே குறுக்கே வளைந்துதான் வர வேண்டும். சில நாள் துறைமுகத்தை விட்டே கிளம்ப முடியாது. நம் கிழக்குக்கரைத் தீவுகளுக்கு ஆண்டு இறுதி மழைக்காலத்தில் படகு ஓடாது அல்லவா, அந்த மாதிரி.

இந்தக் காற்றை அரசியலுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அலெக்சாண்டரின் தந்தையான பிலிப் மன்னர், வடகாற்று வீசும் நாள் பார்த்தோ குளிர்காலம் பார்த்தோதான் படை நடத்துகிறார், நம் கப்பல்கள் அங்கே போய்ச் சேர முடியாத நேரம் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று டெமொஸ்தனீஸ் ஏதென்ஸ் மக்களிடம் முறையிட்டார். கி.மு. 351-இல் ஆற்றிய உரை அது.

சரி, முதல் கப்பலுக்கு வருவோம்.

கி.மு. 427. ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் தொடங்கி நான்கு ஆண்டு ஆகியிருந்தது. லெஸ்போஸ் தீவின் மிட்டிலினி நகரம் ஏதென்சின் கூட்டணியிலிருந்து பிரிந்து முந்தைய ஆண்டே கலகம் செய்தது. முற்றுகையில் உணவு தீர்ந்து, கடைசியில் சரணடைந்தது. என்ன தண்டனை என்று ஏதென்ஸ் மக்கள் மன்றம் கூடியது. கோபம் தலைக்கேறியிருந்தது. வயது வந்த ஆண்கள் அனைவரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று முடிவெடுத்தார்கள். அந்தக் கட்டளையோடு மூவரிசைத் துடுப்புக் கப்பல் ஒன்று உடனே புறப்பட்டது. லெஸ்போசில் இருந்த தளபதி பாக்கெஸ் அதை நிறைவேற்ற வேண்டும்.

மறுநாள் காலை ஊருக்கே மனம் உறுத்தியது. குற்றம் செய்தவர் செய்யாதவர் என்று பாராமல் ஒரு நகரத்தையே அழிப்பதா? மன்றத்தை மீண்டும் கூட்டினார்கள். கிளியோன் என்ற தலைவர், எடுத்த முடிவை மாற்றக் கூடாது, இரக்கம் பேரரசுக்கு ஆகாது என்று வாதாடினார். எதிர்த்துப் பேசியவர் டயோடோட்டஸ். வரலாறு இவரை இந்த ஒரே ஒரு நாளுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

விவாதக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இங்கே நிதானமாகப் படியுங்கள். டயோடோட்டஸ் 'பாவம், விட்டுவிடுங்கள்' என்று கேட்கவில்லை. இரக்கத்தை நானும் பேசப் போவதில்லை, நமக்கு எது லாபம் என்று மட்டும் பார்ப்போம் என்றார். மரண தண்டனை இருப்பதால் மனிதர்கள் தவறு செய்யாமல் இருந்துவிடுகிறார்களா? சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் நாளைக்குக் கலகம் செய்யும் நகரம் கடைசி மூச்சு வரை போராடுமே, அதனால் நமக்குத்தானே செலவு? இதுதான் அவர் வாதம். எதிராளி எந்தத் தளத்தில் நிற்கிறாரோ அதே தளத்தில் நின்று அவரை மடக்குவது. நல்ல உத்தி. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த இடம் கொஞ்சம் நெருடுகிறது. ஊரே இரக்கப்பட்டுத்தான் மறுபடியும் கூடியது. அந்த இரக்கத்தின் பெயரைச் சொல்லாமல் இருந்தால்தான் ஜெயிக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

கை தூக்கி வாக்களித்தார்கள். ஏறக்குறைய சரிபாதி. மயிரிழையில் டயோடோட்டஸ் வென்றார்.

இப்போது இரண்டாவது கப்பலை அனுப்ப வேண்டும். முதல் கப்பலோ ஒரு பகலும் ஓர் இரவும் முன்னால் போய்விட்டது. தூரம் 300 கிலோமீட்டருக்கும் மேல். போக வேண்டிய திசை வடகிழக்கு, அதாவது வடகாற்று அடித்தால் கதை முடிந்தது. ஏதென்சில் இருந்த மிட்டிலினித் தூதர்கள் கப்பலில் திராட்சை மதுவும் பார்லி மாவும் ஏற்றினார்கள். முந்திப் போய்ச் சேர்ந்தால் பெரும் பரிசு தருவதாகச் சொன்னார்கள். அந்தக் காலத்துப் போர்க்கப்பலில் 170 பேர் மூன்று அடுக்காக உட்கார்ந்து துடுப்பு வலிப்பார்கள். படுக்க இடம் கிடையாது. வழக்கமாகச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கரைக்கு ஒதுங்குவார்கள். இந்த முறை ஒதுங்கவில்லை. மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் துடுப்பு வலித்துக்கொண்டே தின்றார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். (இப்படி ஒரு கப்பலை 1987-இல் கிரேக்கத்தில் புதிதாகக் கட்டி, 'ஒலிம்பியாஸ்' என்று பெயரிட்டு, ஆட்களை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்தாலே முதுகு வலிக்கும்.)

நல்ல வேளையாக எதிர்க்காற்று அடிக்கவில்லை. இதைச் சொல்பவர் அதே காலத்தில் வாழ்ந்த ஏதென்ஸ்காரர், வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். அடுத்து அவர் சொல்வதுதான் என்னை நிறுத்தியது. முதல் கப்பல், தான் செய்யப் போகும் கொடிய வேலையை நினைத்து, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்ததாம்.

அந்தக் கப்பலில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கட்டளையை மீறவில்லை. திரும்பி வரவும் இல்லை. ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. துடுப்பைக் கொஞ்சம் மெதுவாக வலித்தார்கள், அவ்வளவுதான். முதல் கப்பல் கரைசேர்ந்து, பாக்கெஸ் கட்டளையைப் படித்து, நிறைவேற்ற இருந்த நேரத்தில் இரண்டாவது கப்பல் துறைக்குள் நுழைந்தது. நகரம் பிழைத்தது.

முழுதாகப் பிழைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுதினால் கதை இனிப்பாக இருக்கும், ஆனால் அது வரலாறு ஆகாது. கலகத்துக்குத் தலைமை தாங்கியவர்கள் என்று ஏதென்சுக்கு அனுப்பப்பட்டவர்களைக் கிளியோன் சொற்படி கொன்றார்கள். ஆயிரத்துக்குச் சற்று மேல் என்பது துசிடிடீஸ் நூலில் உள்ள எண்ணிக்கை. ஆய்வாளர்கள் சிலர் அதை நம்பத் தயங்குகிறார்கள். மிட்டிலினியின் மதில்களை இடித்தார்கள், கப்பல்களைப் பறித்தார்கள். நிலத்தை 3000 பங்காக்கி, 300-ஐத் தெய்வங்களுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை ஏதென்ஸ்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அதே நிலத்தில் உழுது அவர்களுக்குக் குத்தகை கட்டியவர்கள் லெஸ்போஸ் மக்களே.

பத்தாண்டுக்கும் சற்று மேல் கழித்து மெலோஸ் தீவுக்கும் அதே தண்டனை விதிக்கப்பட்டது. இம்முறை இரண்டாவது கப்பல் புறப்படவில்லை. இன்று மிலோஸ் என்ற பெயரில், வெள்ளைப் பாறைக் கரைகளுக்காகச் சுற்றுலாப் படகுகள் வரிசையாகப் போய் நிற்கும் தீவு அதுதான்.

இரண்டாவது கதை சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தின் நடுவில் இருக்கும் டெலோசைச் சேர்ந்தது. சின்னஞ்சிறு தீவு. பரப்பளவு மூன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அப்போலோ தெய்வம் பிறந்த இடம் என்பது கிரேக்கர் நம்பிக்கை. அங்கே யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று ஏதென்ஸ் கி.மு. 426-இல் விதி போட்டு, பழைய கல்லறைகளையும் தோண்டி அப்புறப்படுத்தியது. இன்றும் பயணிகள் பகலில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், இரவு தங்க அனுமதி இல்லை. தமிழாசிரியர்களுக்கு இன்னொரு செய்தி: டெலோஸ் அயோனியக் கிரேக்கர்களின் பொதுப் புனிதத் தலம். சங்கப் பாடல்களில் வரும் 'யவனர்' என்ற சொல்லுக்கு மூலம் இந்த அயோனியர் பெயர்தான்.

ஏதென்ஸ் ஆண்டுதோறும் டெலோசுக்கு ஒரு புனிதக் கப்பலை அனுப்பும். கிரீட் தீவின் அரக்கனிடமிருந்து ஏழு இளைஞர்களையும் ஏழு பெண்களையும் தீசியஸ் மீட்டு வந்த கதைக்கான நேர்த்திக்கடன். அவர் போன கப்பலே இது என்றும் சொல்லிக்கொண்டார்கள். உளுத்த பலகையை எடுத்துப் புதுப்பலகை அடித்து அடித்துக் காப்பாற்றினார்களாம். எல்லாப் பலகையும் மாறிய பிறகும் அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டது தனிக்கதை. நமக்கு வேண்டியது ஒரு விதி. கப்பலின் பின்புறத்தில் மாலை சூட்டிய நேரம் முதல் அது திரும்பி வரும்வரை ஊர் தூய்மையாக இருக்க வேண்டும், யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது.

கி.மு. 399-இல் அந்த மாலை சூட்டப்பட்டது சாக்ரடீசின் விசாரணைக்கு முந்தைய நாள்.

எழுபது வயது. இளைஞர்களைக் கெடுத்தார், ஊரின் தெய்வங்களை மதிக்கவில்லை என்று குற்றச்சாட்டு. தீர்ப்பு மரணம். ஆனால் கப்பல் போயிருக்கிறது. காத்திருக்கத்தான் வேண்டும். ஏதென்சிலிருந்து டெலோஸ் தென்கிழக்கே இருக்கிறது. திரும்பும் வழி வடமேற்கு. எதிர்க்காற்று பிடித்துக்கொண்டால் பயணம் நீண்டுவிடும் என்று பிளேட்டோவே எழுதியிருக்கிறார். சாக்ரடீஸ் காத்திருந்த காலம் முப்பது நாள் என்பது அவருடைய இன்னொரு மாணவர் செனபோன் தரும் கணக்கு.

அந்த நாள்களில் அவர் என்ன செய்தார்? நண்பர்கள் தினமும் வந்தார்கள், பேசினார்கள். அதுவரை கவிதை எழுதாத மனிதர் ஈசாப் கதைகளைச் செய்யுளாக மாற்றிக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்துக்குக் கிரேக்கத்தில் 'ஸ்கோலே' என்று பெயர். அந்தச் சொல்தான் லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' ஆனது, போர்ச்சுக்கீசியர் வழியாக மலாய் மொழியில் 'செக்கோலா' ஆனது. கால அட்டவணையில் ஒரு பாடவேளைகூடக் காலியாக இல்லாத நம் ஆசிரியர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.

பிறகு ஒருநாள் விடியுமுன் கிரிட்டோ என்ற நண்பர் சிறைக்கு வந்தார். சூனியோ முனையில் கப்பலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சேதி சொல்லியிருந்தார்கள். இன்றைக்கும் ஏதென்ஸ் பக்கத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் பாய்மரப் படகுகள் அந்த முனையில் பொசைடன் கோயில் தூண்களைப் பார்த்துக்கொண்டே திரும்புகின்றன. அங்கே வந்துவிட்டால் ஏதென்ஸ் ரொம்ப தூரமில்லை. தப்பித்துப் போக எல்லா ஏற்பாடும் தயார் என்று கிரிட்டோ கெஞ்சினார். சாக்ரடீஸ் மறுத்தார். கப்பல் இன்று வராது, நாளைக்குத்தான் வரும், எனக்கு ஒரு கனவு வந்தது என்றார்.

கப்பல் வந்து சேர்ந்தது. செய்தி தெரிந்த மறுநாள் காலை நண்பர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே சிறைவாசலுக்குப் போனார்கள். தினமும் உள்ளே விடும் காவலாளி அன்று வெளியே வந்து, கூப்பிடும்வரை காத்திருக்கச் சொன்னார். உள்ளே சாக்ரடீசின் கால் விலங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.