கியர் எங்கே போச்சு? ஐந்தோவன் முதல் நாட்றாம்பாளையம் வரை ஒரு பெல்ட்டின் கதை

ஓசூர்ல இருந்து தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து காட்டு வழியா அஞ்செட்டி, அதையும் தாண்டி ஒகேனக்கல் போற ரோட்டுல நாட்றாம்பாளையம்னு ஒரு ஊர் வரும். கிருஷ்ணகிரி மாவட்டத்தோட எல்லை மூலை. காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகா. இந்தப் பகுதியோட காடுகள்தான் 2014-ல காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமா அறிவிக்கப்பட்டது. யானை ரோட்டைக் கடக்கிறது இங்க அன்றாட விஷயம்.

வேலை முடிச்சு, இருட்டுறதுக்குள்ள வீடு சேரணும்னு இந்த ரோட்டுல ஸ்கூட்டர்ல வர்ற ஒரு பொண்ணை நினைச்சுக்குங்க. ஏத்தத்துல டப்புனு ஒரு சத்தம். பெட்ரோல் இருக்கு, இன்ஜின் ஓடுது, ஆக்சிலேட்டரைத் திருகினா உறுமவும் செய்யுது. சக்கரம் மட்டும் சுத்தல. உள்ள அறுந்தது ஒரு ரப்பர் பெல்ட். அந்த பெல்ட் எங்கிருந்து வந்துச்சு, எதனால அறுந்துச்சு? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல ஒரு வார்த்தைச் சிக்கலை முடிச்சிடுவோம். 'கியர் இல்லாத வண்டி'ன்னு சொல்றோம். ஏத்தத்துக்கு ஒரு விகிதம், சமதளத்துக்கு ஒரு விகிதம்ங்கிற தேவை எந்த பெட்ரோல் வண்டிக்கும் உண்டு. ஸ்கூட்டர்ல அந்த வேலையைச் செய்யறது சிவிடி. தொடர்ந்து மாறிக்கிட்டே இருக்கிற கியர்னு வச்சுக்கலாம்.

ரெண்டு புனலை மூக்கோட மூக்கு ஒட்டி வைங்க. நடுவுல 'வி' வடிவத்துல ஒரு பள்ளம் வரும். அதுதான் கப்பி. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டையும் சுத்தி ஒரு பெல்ட். முன் கப்பியோட ரெண்டு பக்கமும் நெருங்கினா பெல்ட் பிதுங்கி வெளி விளிம்புக்கு ஏறும். பெல்ட்டோட நீளம் மாறாது இல்லையா, அதனால பின் கப்பி விரிஞ்சு கொடுத்து, அங்க பெல்ட் உள்ள இறங்கும். கியர் சைக்கிள்ல முன்னாடி பெரிய பல்சக்கரம், பின்னாடி சின்னது போட்ட மாதிரி ஆயிடுச்சு, வேகம் கூடும். ஸ்கூட்டர்ல முன் கப்பியை நெருக்கித் தள்றது சின்னச் சின்ன உருளைகள், பெரும்பாலும் ஆறு. இன்ஜின் வேகமா சுத்தச் சுத்த இந்த ரோலர்கள் வெளிப்பக்கம் ஒதுங்கும், ராட்டினத்துல நாம ஒதுங்குற மாதிரி. கம்ப்யூட்டர் கிடையாது. ரோலரோட எடை, பின்னாடி இருக்கிற ஸ்பிரிங்கோட பலம், அவ்வளவுதான் கணக்கு.

இதைக் கார்ல போட்டு ஆயிரக்கணக்குல வித்துக் காட்டினவர் ஹுப் வான் டோர்ன், நெதர்லாந்துக்காரர். 1928-ல ஐந்தோவன் நகரத்துல ஒரு பட்டறையா ஆரம்பிச்ச அவரோட நிறுவனம்தான் பின்னாடி டாஃப் ஆச்சு. இன்னிக்கும் டாஃப்னா லாரி. ஆனா 1958 பிப்ரவரியில ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில அவங்க காட்டினது டாஃப் 600-ங்கிற குட்டிக் கார். 590 சிசி, ரெண்டு சிலிண்டர். உள்ள 'வேரியோமேட்டிக்'. பின்சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரப்பர் பெல்ட். கிளட்ச் பெடல் இல்ல. ஒரே ஒரு குச்சி, முன்னாடி தள்ளினா முன்னாடி, பின்னாடி தள்ளினா பின்னாடி. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, பின்பக்கமும் முன்பக்க வேகத்துலயே ஓடும். டச்சுக்காரங்க இதை வச்சு ரிவர்ஸ் ரேஸே நடத்தினாங்க.

ஓட்டச் சுலபம். அதனாலயே கிண்டலும் வந்துச்சு. வயசான அம்மாக்களைக் குலுக்குற வண்டின்னு அர்த்தம் வர்ற ஒரு பட்டப்பேரே டச்சு மொழியில இருந்துச்சு. சுலபமா ஓட்ட முடிஞ்சா அது பொம்பளைங்க வண்டி, பொம்பளைங்க வண்டின்னா அதுல என்ன பெரிய இன்ஜினியரிங்? இந்த லாஜிக் நமக்கு ரொம்பப் பழக்கமானது, கொஞ்சம் பொறுங்க.

ரப்பருக்கு ஒரு அளவுக்கு மேல சக்தி தாங்காது. வான் டோர்ன் 1972-ல தனியா ஒரு டிரான்ஸ்மிஷன் நிறுவனம் தொடங்கி எஃகு பெல்ட்டுக்குப் போனாங்க. மெல்லிய எஃகு வளையங்கள் மேல நூத்துக்கணக்கான சின்ன எஃகுத் துண்டுகளைக் கோத்த மாலை மாதிரி இருக்கும். நாம பாத்த பெல்ட் எல்லாம் இழுக்கும். இது ஒரு துண்டு அடுத்த துண்டைத் தள்ளித் தள்ளி சக்தியைக் கடத்துது. 1987-ல சுபாரு ஜஸ்டி கார்ல வந்துச்சு. 1993-ல வில்லியம்ஸ் ஃபார்முலா ஒன் அணி ஒரு சிவிடி காரை டேவிட் கூல்ட்ஹார்டை வச்சு ஓட்டிப் பாத்தாங்க. அடுத்த சீசன் விதிகள்லயே அதைத் தடை பண்ணிட்டாங்க. அம்மாக்கள் வண்டின்னு சிரிச்ச அதே நுட்பம்!

இப்போ நம்ம ஊர். 1980-ல ஓசூர் தொழிற்சாலையில டிவிஎஸ் 50 மொபெட் பிறந்துச்சு. அப்போ ஓசூர் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி மாவட்டம் வந்தது 2004-ல. மொபெட்ல வேரியேட்டர் கிடையாது, ஒரே விகிதம், செயின். மூட்டை ஏத்துற மலைக் கிராமத்து ஆளுங்க இன்னிக்கும் எக்ஸ்எல்லை விடாததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். உடையறதுக்கு அதுல அதிகம் ஒண்ணுமில்ல.

1984-ல கினெட்டிக் ஹோண்டா, ஜப்பான் நுட்பத்தோட, பட்டன் ஸ்டார்ட்டும் சிவிடியுமா வந்துச்சு. பத்து வருஷம் கழிச்சு, 1994-ல, டிவிஎஸ் ஸ்கூட்டி. உள்நாட்டிலேயே உருவான முதல் ஸ்கூட்டரெட்னு நிறுவனம் சொல்லும். குட்டி வண்டி, 60 சிசி, உள்ள அதே வேரியோமேட்டிக் தத்துவம். ஐந்தோவன் லாரிக் கம்பெனியோட யோசனை, கிளட்ச் பிடிக்கத் தெரியாட்டியும் ஒரு காலேஜ் பொண்ணு தனியா வெளிய போகலாம்ங்கிற நிலைமையை இங்க கொண்டுவந்துச்சு. 'ஸ்கூட்டியா? பொண்ணுங்க வண்டி'ங்கிற கிண்டலும் கூடவே வந்துச்சு. 2015-ல அனம் ஹாஷிம் 110 சிசி ஸ்கூட்டி செஸ்ட்ல லடாக்கோட கார்துங் லா வரைக்கும் ஏறினாங்க. மலை ஏற வேண்டிய அளவு பலம் இதுக்கு உண்டு. பராமரிப்பு இருக்கணும்.

சிக்கல் அங்கதான். கியர் வண்டி கெட்டுப்போகும்போது கால்லயும் கையிலயும் தெரிஞ்சிடும். சிவிடி மூடி வச்ச பெட்டி. 'இது ஈஸி, ஒண்ணும் தெரிய வேண்டாம்'னு சொல்லி வித்த வண்டிக்குள்ள தேயற பொருள் இருக்குன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. பெண்களுக்குக் குறிப்பா.

பெல்ட் தேய்ஞ்சா அதோட அகலம் குறையும். முன் கப்பியில முழுசா வெளிய ஏறாது, டாப் ஸ்பீடு போகும். பக்கங்கள் பளபளன்னு ஆயிட்டா வழுக்கும், வழுக்கினா சூடு, சூட்டுல ரப்பர் வெடிக்கும், கடைசியில அறும். நீண்ட ஏத்தம், மூணு பேர், ஒரு மூட்டைன்னா இது எல்லாமே வேகமா நடக்கும். ரோலர் ஒரு பக்கம் தட்டையா தேய்ஞ்சா வேகம் எடுக்கும்போது திக்கும். கிளம்பும்போது வண்டி உதறினா பெரும்பாலும் பின்னாடி கிளட்ச் ஷூ. பெட்டிக்குள்ள புழுதி போனாலும், ஆயில் சீல் கசிஞ்சு பெல்ட்ல எண்ணெய் பட்டாலும் 'பிக்கப் இல்லண்ணா'தான். இன்ஜின் சத்தம் ஏறுது, வண்டி ஏறலன்னா பெல்ட் கேக்குதுன்னு அர்த்தம். பொதுவா 20,000 கிலோமீட்டர் ஒட்டி மாத்தச் சொல்வாங்க. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். மலை ரோட்டு வண்டிக்கு அதுக்கு முன்னாடியே திறந்து பாக்கணும்.

இறக்கத்துல வேற ஒரு ஆபத்து. ஆக்சிலேட்டரை முழுசா விட்டு மெதுவா இறங்கினா, ஒரு கட்டத்துல பின்னாடி கிளட்ச் தானா விட்டுடும். அப்புறம் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, முழு பாரமும் பிரேக் மேல. பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போனா வளைவுல ஒண்ணும் செய்ய முடியாது. மலைச் சாலைக்கு வர்ற பெங்களூரு பசங்க நிறைய பேருக்கு இது தெரியாது.

கார் சிவிடி வேற உலகம், வியாதி மட்டும் அதே சாயல். சென்னைக்குப் பக்கத்துல ஒரகடம் தொழிற்சாலை 2010-ல தொடங்கி, அங்க தயாரான நிஸான் மைக்ரா 2013-ல சிவிடியோட வந்துச்சு. இங்க கப்பியை நெருக்கறது எண்ணெய் அழுத்தம். அழுத்தம் குறைஞ்சா எஃகு பெல்ட் வழுக்கி கப்பியைக் கீறும். அந்த எஃகுத் தூள் எண்ணெய்ல கலந்து வால்வை அடைக்கும், அழுத்தம் இன்னும் குறையும். ஆரம்பத்துல லேசான அதிர்வு, ஒரு ஊளைச் சத்தம். ரொம்ப சூடானா கம்ப்யூட்டர் பவரைக் குறைச்சிடும். தப்பான ஆயில் ஊத்தறதுதான் சுலபமா செய்யக்கூடிய கொலை: சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் இதுக்கு ஆகாது. அமெரிக்காவுல நிஸான் 2009-ல, 2003 முதல் 2010 வரையிலான மாடல்களோட சிவிடி வாரண்டியை 10 வருஷம் அல்லது 1,20,000 மைலா நீட்டிச்சாங்க. பணக்கார நாட்டுக் கார்க்காரங்களுக்கு அப்படி ஒரு கேடயம் கிடைச்சுது. தேன்கனிக்கோட்டையில மூணாவது கையா ஸ்கூட்டர் வாங்குறவங்களுக்கு வாரண்டின்னு ஒண்ணும் இருக்காது, பெல்ட் எப்போ மாத்தினதுன்னு தெரியவும் தெரியாது.

இந்தக் கதை இப்போ இதே மாவட்டத்துல திரும்புது. ஏதர் 2021-ல ஓசூர்ல ஆலை தொடங்கினாங்க. அதே வருஷம் ஆகஸ்ட் 15-ல ஓலா எஸ்1 அறிமுகம், ஆலை போச்சம்பள்ளி பக்கம். டிவிஎஸ்ஸோட ஐக்யூப்ல மோட்டார் சக்கரத்துலயே இருக்கு. எதுலயும் வேரியேட்டர் இல்ல, ரோலர் இல்ல. மின் மோட்டார் நின்ன இடத்துல இருந்தே முழு இழுவையைக் கொடுக்கும், விகிதம் மாத்த வேண்டிய அவசியமே இல்ல. ஏதர்ல ஒரு பெல்ட் இருக்கு, ஆனா பல் வச்ச பெல்ட், ஒரே விகிதம். மொபெட்டோட செயின் மாதிரி!

ஆனா பழைய ஸ்கூட்டர்கள் உடனே காணாமப் போகாது. நகரத்துல எலக்ட்ரிக் வாங்குறவங்க கழிச்சு விடுற பெட்ரோல் வண்டிகள், கை மாறி கை மாறி, அஞ்செட்டி பக்கம்தான் வந்து சேரும். பாதி தேய்ஞ்ச பெல்ட்டோட.