கதவை அடைத்தால் வேலை தங்குமா?

வேலையைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். ஆனால் வேலையே ஆளைத் தேடிப் போவதும் உண்டு. அமெரிக்க விசாவின் சரித்திரத்தைப் புரட்டினால் இது நன்றாக விளங்கும். "பையனுக்கு விசா ஆச்சா?" என்ற கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி கேட்பதால், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

'எச்1பி' விசா 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 65,000 பேர் என்பது உச்சவரம்பு. ஒய்2கே பயமும் இணைய வியாபாரமும் சேர்ந்து ஆள் பஞ்சத்தை உண்டாக்கவே, 1998இல் போட்ட சட்டம் வரம்பை 1,15,000 ஆக்கியது. 2000இல் வந்த சட்டம் 1,95,000 ஆக்கியது. இந்தத் தாராளம் நீடிக்கவில்லை. 2004 நிதியாண்டில் மறுபடியும் 65,000தான். அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் பிறகு 20,000 தனியாகச் சேர்த்தார்கள். 2007 ஏப்ரலில் முதல் இரண்டு நாளிலேயே 1,20,000க்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்து, குலுக்கல் நடத்த வேண்டியதாயிற்று.

வெளியாள் வராவிட்டால் அந்த நாற்காலியில் உள்ளூர்க்காரர் உட்காருவார் என்பது வரம்பைக் கேட்டவர்களின் எண்ணம். அவர்கள் வருத்தத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. தம் இடத்துக்கு வந்தவருக்குத் தாமே பயிற்சி கொடுத்துவிட்டு வெளியேறிய அமெரிக்க ஊழியர்கள் உண்டு.

ஆனால் நாற்காலியே இடம் மாறிவிட்டால்? 2007 ஜூலையில் மைக்ரோசாப்ட், கனடாவின் வான்கூவரில் மென்பொருள் மையம் திறப்பதாக அறிவித்தது. அமெரிக்கக் குடியேற்றச் சிக்கலில் மாட்டியவர்களை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்பதை அது மறைக்கவில்லை. பிரிட்டா கிளெனன் என்ற பொருளியலறிஞர் அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்தார். மறுக்கப்பட்ட பத்து விசாவுக்குச் சுமார் நான்கு வேலைகள் வெளிநாட்டுக் கிளைகளில் கூடின. உலகெங்கும் கிளை பரப்பிய நிறுவனங்களில் அது ஒன்பது. முக்கியமாக அவை போன இடங்கள் கனடா, இந்தியா, சீனா.

நம் பெங்களூருவில் 1985லேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மையம் அமைத்துவிட்டது. அதனால் இங்கு வந்த வேலை எல்லாமே விசாத் தடையின் புண்ணியம் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பள வித்தியாசமும் நம் பொறியியல் கல்லூரிகளும் பெரிய காரணங்கள். தடை அந்த ஓட்டத்தை வேகப்படுத்தியது, அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் ஆணையிட்டபோது, பலருக்கும் இந்தப் பழைய கதைதான் நினைவுக்கு வந்தது.

இதே கேள்வி நம் வாசலுக்கும் வந்தது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் நிறுவனங்களின் நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரருக்கே என்ற மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தொழில்துறை எதிர்க்கவே அதை நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ், "விசாகப்பட்டினத்துக்கு வாருங்கள்" என்று நிறுவனங்களை அழைத்துவிட்டார்!

வெளியூரில் பிழைக்கும் நமக்கு இதில் இரண்டு பாடம் இருப்பதாக எனக்குப் படுகிறது. விசா கிடைக்காத பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். கற்ற தொழில் கையில் இருந்தால் வேலைக்கு வேறு வழியும் உண்டு. அதேபோல, நம்மைப் பார்த்து "இவர்கள் ஏன் வந்தார்கள்?" என்று கேட்கும் உள்ளூர் இளைஞனிடம் முகம் சுளிக்க வேண்டாம். அவன் கவலை நிஜம். கதவை அடைப்பது மட்டும் அதற்கு மருந்தாகாது.