அணைவுச் சேர்மங்களின் பெயரீடு

நடுவில் நிற்கும் உலோக அணு ஒன்றை அம்மோனியா, நீர், குளோரைடு முதலிய ஈனிகள் சூழ்ந்து பிணைந்திருக்கும் அணைவுச் சேர்மங்களுக்கு முறையாக நாமம் சூட்டும் சாஸ்திரம், அவற்றின் உள்ளமைப்பு விளங்கிய பின்னரே பிறந்தது. அதுவரை ரசாயன அறிஞர்கள் அவற்றை, மாக்னஸின் பச்சை உப்பு, சைசே உப்பு என்றாற்போலக் கண்டறிந்தவரின் பெயராலோ, கண்ணுக்குத் தோன்றிய வர்ணத்தாலோ வழங்கிவந்தனர்.

வர்ணத்தால் பெயரிடும் வழக்கத்திற்கு ஓர் ஒழுங்கு தந்தவர் பிரெஞ்சு அறிஞர் எட்மான் ஃபிரெமி. கோபால்ட்டு உப்புகளோடு அம்மோனியா சேர்ந்து விளையும் பொருள்களில் மஞ்சள் நிறமுடையதை லூட்டியோ என்றும், செந்நீலச் சாயலுடையதைப் பர்ப்பூரியோ என்றும் 1852-இல் அவர் குறித்தார். பச்சை நிறத்ததற்குப் பிரசியோ என்ற பெயர் பின்னர் வந்து சேர்ந்தது. இம்மூன்றிலும் கோபால்ட்டு அணு ஒன்றுக்குக் குளோரின் மூன்றே. எனினும் குளிர்ந்த கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்த மாத்திரத்தில், லூட்டியோவிலிருந்து மூன்று குளோரினும் தயிர்போன்ற வெண்ணிற வீழ்படிவாக இறங்க, பர்ப்பூரியோவிலிருந்து இரண்டும், பிரசியோவிலிருந்து ஒன்றுமே இறங்கின. இந்த வேற்றுமையின் காரணத்தைப் பற்றி நிறத்தாலான பெயர் யாதொன்றும் உணர்த்தவில்லை. அதனினும் பெரிய குறை, ரோடியத்தின் ஒத்த சேர்மம் வெளிர் மஞ்சளாயிருந்தும், அமைப்பில் ஒத்திருந்த ஒரே காரணத்தால் அதற்கும் பர்ப்பூரியோ என்ற அடைமொழியே வாய்த்தது!

1893-இல் சூரிச் நகரில், இருபத்தாறே வயதினரான ஆல்ஃபிரட் வெர்னர், உலோகத்தோடு நேரே பிணைந்தவை இவை, வெளியே அயனியாக நிற்பவை இவை எனப் பிரித்துக் காட்டிய சித்தாந்தமே புதிய பெயரீட்டிற்கு அஸ்திவாரமாயிற்று. அவர் வகுத்த முறையில் ஈனிகள் முன்னும், உலோகம் அடுத்தும், வெளியயனி இறுதியிலும் வருதலால், பர்ப்பூரியோ உப்பு குளோரோபென்டம்மீன்கோபால்ட்டி குளோரைடு ஆயிற்று; இதில் அம்மீன் என்பது ஈனியாக நிற்கும் அம்மோனியா. வெள்ளி நைட்ரேட்டால் வீழ்படிவாவது வெளியயனியே ஆதலால், எந்தக் குளோரின் வீழ்படிவாகாது தங்கும் என்பதைப் பெயரைப் படித்தே சொல்லிவிடலாம். பரிசோதனையின் முடிவைப் பெயருக்குள்ளேயே பொதிந்து வைத்த இந்தச் சாதனை, அவருடைய சித்தாந்தத்திற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் துணிபு.

உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலை இரண்டாயின் ஓ, மூன்றாயின் இ, நான்காயின் ஏ என்று ஈற்றுயிரால் வெர்னர் குறித்தது மட்டும் நினைவுக்குப் பாரமாக இருந்தது. ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-இல் அதற்கு மாற்றாக, உலோகப் பெயரை அடுத்துப் பிறைக்குறிக்குள் ரோமானிய எண்ணை இடும் எளிய வழியைக் கூறினார்; சர்வதேச ரசாயன ஒன்றியத்தின் 1940-ஆம் ஆண்டு விதிகள் அதனை ஏற்றன.

பின்னெழுந்த விவாதம் ஈனிகளின் வரிசையைப் பற்றியது. 1957-ஆம் ஆண்டு விதிகள் எதிரயனி ஈனிகளை முதலில் வைத்தன. 1970-இல் மின்சுமையைக் கருதாது ஆங்கில அகரவரிசையே போதுமென்று முடிவாயிற்று. ஆகவே குளோரோவுக்குப் பின் நின்ற அம்மீன் முன்னே வந்து, நம் பர்ப்பூரியோ உப்பு பென்டாஅம்மீன்குளோரோகோபால்ட்டு எனத் தொடங்கலாயிற்று. மின்சுமை வரிசையில் ரசாயன அர்த்தம் ஒன்று இருந்தது. அகரவரிசையில் அது இல்லை. ஆயினும் பெரிய அட்டவணைகளில் ஒரு சேர்மத்தைத் தேடி அலைந்தவர்கள் அம்மாற்றத்தைக் குறைகூறார். 2005-ஆம் ஆண்டுப் பரிந்துரை குளோரோவைக் குளோரிடோ என்றும், சயனோவைச் சயனிடோ என்றும் திருத்தியது. குளோரைடு, சயனைடு என்னும் அயனிப் பெயர்களிலிருந்து ஈனிப் பெயரை ஒரே விதியால் பெறுவதற்கு அது வழிசெய்தமையால், பழகிய நாவுக்குச் சிரமமாயினும் நியாயமான திருத்தமே.