எப்காட் பூங்காவும் கார்ட்டூன் வேடங்களும்

எப்காட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்துக்குள் அமைந்துள்ள ஒரு பூங்கா. 1982 அக்டோபர் 1 அன்று 'எப்காட் சென்டர்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. அறிவியல், தொழில்நுட்பம், உலக நாடுகளின் பண்பாடு ஆகியவற்றைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்துவதற்காக இது கட்டப்பட்டது. மிக்கி மவுஸ், டொனால்ட் டக் போன்ற கார்ட்டூன் கதாபாத்திரங்களின் வேடமணிந்தோர் தொடக்க காலத்தில் இங்கே உலவக் கூடாது என்று நிர்வாகமே முடிவு செய்திருந்தது. அந்த முடிவு சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. கற்பிக்கும் இடத்தில் கார்ட்டூன் வேடங்களுக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு உலகிலேயே நீண்ட சோதனைக்கூடமாக அமைந்தது இந்தப் பூங்கா எனலாம்.

பின்னணி

எப்காட் முதலில் ஒரு நகரமாகத்தான் திட்டமிடப்பட்டது. 1966 அக்டோபரில் வால்ட் டிஸ்னி ஒரு படச்சுருளில் தோன்றி, சுமார் 20,000 பேர் வாழப்போகும் எதிர்கால நகரம் ஒன்றை வரைபடத்துடன் விளக்கினார். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று அவர் காலமானார். அவருக்குப் பின் வந்தவர்கள் நகரத் திட்டத்தைக் கைவிட்டு, நிரந்தரமான ஓர் உலகக் கண்காட்சியாக அதை மாற்றினர். 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு, ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்களுக்காக டிஸ்னி குழுவினர் அரங்கங்கள் அமைத்த அனுபவம் கைவசம் இருந்தது.

அதன்படி பூங்கா இரண்டு பகுதிகளாக எழுந்தது. ஒன்று ஆற்றல், போக்குவரத்து, வேளாண்மை, தகவல் தொடர்பு முதலிய பொருள்களுக்குத் தனித்தனி அரங்கங்கள் கொண்ட 'ஃபியூச்சர் வேர்ல்டு'. மற்றொன்று ஏரியைச் சுற்றி நாடுகளின் அரங்கங்கள் நிற்கும் 'வேர்ல்டு ஷோகேஸ்'. திறக்கும்போது அதில் ஒன்பது நாடுகள். பின்னர் மொராக்கோவும் நார்வேயும் சேர்ந்து பதினொன்று. (இந்தியாவுக்கு இன்று வரை அரங்கம் இல்லை.) நுழைவாயிலில் நிற்கும் மாபெரும் கோளத்தின் உள்ளே குகை ஓவியம் தொடங்கி அச்சு இயந்திரம் வழியாகக் கணினி வரை மனிதர் செய்தி பரிமாறிய வரலாறு சொல்லப்படுகிறது. அதன் கதையமைப்புக்கு எழுத்தாளர் ரே பிராட்பரி உதவினார்.

வேடங்களை விலக்கியதன் காரணம் எளிது. சில கிலோமீட்டர் தொலைவிலேயே 'மேஜிக் கிங்டம்' பூங்கா 1971 முதல் இயங்கி வந்தது. மிக்கியைப் பார்க்க விரும்புவோர் அங்கே போகட்டும், இங்கே வருவோர் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தார்கள். ஆனால் குழந்தைகளுடன் வந்த குடும்பங்கள் மிக்கி எங்கே என்று கேட்டன. சில ஆண்டுகளுக்குள் மிக்கிக்கும் அவன் தோழர்களுக்கும் வெள்ளி நிற விண்வெளி உடை போன்ற ஒன்றை மாட்டிவிட்டு உள்ளே அனுமதித்தனர். உடையை மாற்றினால் பாடத்துக்குப் பொருந்திவிடும் என்று கருதினார்கள் போலும்!

கார்ட்டூன் கற்பித்த காலம்

இந்தத் தடையில் ஒரு முரண் உண்டு. வால்ட் டிஸ்னி தாமே கார்ட்டூன் பாத்திரங்களை ஆசிரியர்களாக நியமித்தவர். 1943-இல் வெளிவந்த 'தி விங்டு ஸ்கர்ஜ்' என்ற குறும்படம் மலேரியாவைப் பற்றியது. அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்றுக்காக, முதன்மையாக லத்தீன் அமெரிக்க மக்களுக்குக் காட்டுவதற்கென எடுக்கப்பட்டது. ஸ்னோ ஒயிட் கதையில் வரும் ஏழு குள்ளர்கள் அதில் தேங்கிய நீரை அகற்றுகிறார்கள், குட்டையில் எண்ணெய் தெளிக்கிறார்கள், சன்னலுக்கு வலை அடிக்கிறார்கள். அனாபிலிஸ் கொசுவை ஒழிக்கும் வழிகளைச் செய்து காட்டும் படம் அது. 1959-இல் வந்த 'டொனால்ட் இன் மாத்மேஜிக் லேண்ட்' குறும்படத்தில் டொனால்ட் டக் கணித உலகுக்குள் நுழைந்து, பித்தாகோரசிடமிருந்து இசைக்கும் எண்ணுக்கும் உள்ள தொடர்பை அறிந்துகொள்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் பல்லாண்டுகள் அதைத் திரையிட்டார்கள்.

ஆகவே கார்ட்டூன் என்பதாலேயே ஒன்று கல்விக்கு எதிரானது என்று சொல்ல முடியாது. திரையில் வரும் டொனால்ட் பேசுகிறது, தவறு செய்கிறது, கேள்வி கேட்கிறது. பூங்காவில் உலவும் வேடத்தின் நிலை வேறு. முகம் முழுவதையும் மூடிய தலையை அணிந்தவர் வழக்கமாக வாய் திறந்து பேசுவதில்லை. கை அசைப்பார், அணைத்துக்கொள்வார், குழந்தையின் ஏட்டில் கையெழுத்திடுவார், படம் எடுக்க நிற்பார். அதில் அன்பு இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சூரிய ஆற்றலைப் பற்றி ஒரு சிறுமி கேட்டால் அவரால் பதில் சொல்ல இயலாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் எனக்கு இதுதான் முதலில் தோன்றுகிறது: வாய் பேசாத ஒருவர் குழந்தைகளைக் கவரலாம், விளக்கம் சொல்ல அவரால் ஆகாது.

ஃபிக்மென்ட் என்ற ஊதா நிறக் குட்டி

பழைய பாத்திரங்களை வெளியே நிறுத்திய அதே எப்காட், தனக்கென்று இரண்டு புதிய பாத்திரங்களை உருவாக்கியது. கோடாக் நிறுவனத்தின் ஆதரவில் அமைந்த கற்பனை அரங்கத்துக்காக டோனி பாக்ஸ்டர் தலைமையிலான குழு படைத்தவை அவை. ஒருவர் செந்தாடியும் உயர்ந்த தொப்பியும் கொண்ட 'டிரீம்ஃபைண்டர்'. மற்றொன்று ஊதா நிறத்தில் ஒரு குட்டி டிராகன். கற்பனையில் மட்டும் இருப்பதை ஆங்கிலத்தில் 'ஃபிக்மென்ட்' என்பார்கள். அதுவே அதன் பெயராயிற்று. 1983 மார்ச்சில் தொடங்கிய அந்தச் சவாரியில் இருவரும் கருத்துகளைச் சேகரித்துக்கொண்டு ஓவியம், இலக்கியம், நாடகம், அறிவியல் என்று ஒவ்வொரு துறையாக அழைத்துச் சென்றனர்.

டிரீம்ஃபைண்டர் வேடமணிந்த நடிகர் அரங்கத்தின் வெளியிலும் உலவினார். அவர் முகம் மூடப்படவில்லை. கையில் ஃபிக்மென்ட் பொம்மையை இயக்கியபடி, வந்த குழந்தைகளோடு உரையாடினார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலை போன்றது இது. கோமாளிதான் என்றாலும் வேடங்களை அறிமுகம் செய்வது, நடுவே அவையோரிடம் பேசுவது, புரியாததை விளக்குவது எல்லாம் அவன் பொறுப்பு. அவனை நீக்கிவிட்டால் கூத்து தடுமாறும்.

எப்காட்டில் அதுவும் நடந்தது. 1998 அக்டோபரில் சவாரியை மூடி, ஓராண்டு கழித்து வேறு வடிவில் திறந்தனர். டிரீம்ஃபைண்டர் நீக்கப்பட்டார், ஃபிக்மென்ட் பெயரளவுக்கே தலைகாட்டியது. ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகங்களைச் சுற்றிப் பார்ப்பதாகப் புதிய கதை. பார்வையாளர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. ஈராண்டில் அதையும் மூடி, 2002 சூனில் ஃபிக்மென்டை மையப் பாத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தனர். டிரீம்ஃபைண்டர் சவாரிக்குத் திரும்பவில்லை. திரைப்படம் எதிலிருந்தும் பிறக்காத ஒரு குட்டி டிராகனுக்காக மக்கள் வாதாடினார்கள் என்றால், பாடமும் அதுவும் ஒன்றாகவே அவர்கள் மனத்தில் பதிந்திருந்தன என்று பொருள். 2022 சனவரியில் ஃபிக்மென்ட் வடிவப் பாப்கார்ன் வாளி ஒன்றை வாங்க மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதும் உண்டு. அதற்கும் கற்பனை வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று என்னைக் கேட்க வேண்டாம்.

திரைப்படப் பாத்திரங்களின் வருகை

1995-க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் திரைப்படப் பாத்திரங்களே. வேளாண்மை அரங்கத்தில் மனிதனுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைச் சொன்ன ஆவணப்படம் அந்த ஆண்டில் நீக்கப்பட்டு, 'தி லயன் கிங்' பாத்திரங்கள் வரும் படம் இடம்பெற்றது. காட்டில் உல்லாச விடுதி கட்டத் துடிக்கும் டிமோனுக்கும் பும்பாவுக்கும் சிம்பா சுற்றுச்சூழல் பாதுகாப்பை எடுத்துரைக்கும் கதை அது. பாத்திரம் மாறினாலும் பாடம் தங்கியது.

கடல் அரங்கம் இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. 1986-இல் திறக்கப்பட்ட அதன் நீர்த்தொட்டி சுமார் 57 லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 15 லட்சம் லிட்டர் கொள்ளளவு உடையது. 'ஃபைண்டிங் நீமோ' வெற்றிக்குப் பின், 2004-இல் அங்கே க்ரஷ் என்ற ஆமை திரையில் தோன்றி, எதிரே தரையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் சொல்லும் நிகழ்ச்சி தொடங்கியது. ஆமையின் குரலாக மறைவில் ஒரு நடிகர் பேசுகிறார். குழந்தை கையை உயர்த்துகிறது, ஆமை பெயர் கேட்டு விடை தருகிறது. 2007-இல் அரங்கம் முழுவதும் நீமோவின் பெயருக்கு மாறியது. அந்தச் சவாரியில் கதையின் சரடு காணாமற்போன மீனைத் தேடுவதுதான்; உண்மை மீன்கள் இறுதியில்தான் கண்ணுக்குப் படுகின்றன. ஒரே அரங்கத்தில், ஒரே திரைப்படத்திலிருந்து வந்த இரண்டில் ஒன்று கேள்வியை வளர்க்கிறது, மற்றொன்று ஏற்கெனவே பார்த்த கதையையே மறுபடி சொல்கிறது.

நார்வே அரங்கத்தில் நடந்தது எனக்கு உடன்பாடில்லை. வைக்கிங் கப்பல், நாட்டார் கதைப் பூதங்கள், வடகடல் எண்ணெய்க் கிணற்று மேடை என்று அந்த நாட்டின் காட்சிகளைக் காட்டிய படகுச் சவாரி 2014 அக்டோபரில் மூடப்பட்டது. அதே நீர்ப்பாதையில் 2016 சூன் முதல் 'ஃப்ரோசன்' பட இளவரசிகள் வருகிறார்கள். பழைய சவாரி பெரிய வரலாற்றுப் பாடம் இல்லைதான். ஆனால் பூதங்களாவது நார்வே மக்களின் பூதங்கள். 'ஃப்ரோசன்' கதை நடக்கும் அரண்டெல் கற்பனை நாடு. அதன் வடிவமைப்பில் நார்வேயின் மலைகளும் மரத் தேவாலயங்களும் சாயல் காட்டுகின்றன, அவ்வளவே. கதைக்குத் தூண்டுதலான 'பனி அரசி'யை எழுதிய ஆண்டர்சனோ டென்மார்க்காரர். சவாரியை முடித்துவிட்டு வெளியே வரும் குழந்தையிடம் நார்வே எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

புரவலர் என்ற மறைமுக வேடம்

பழைய எப்காட்டைப் புகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கார்ட்டூன் இல்லாத அந்த நாளிலும் அரங்கங்கள் விளம்பரம் இல்லாமல் இருக்கவில்லை. ஆற்றலின் கதையைச் சொன்னது எக்சான் எண்ணெய் நிறுவனம். போக்குவரத்தின் கதையைச் சொன்னது ஜெனரல் மோட்டார்ஸ். கார் விற்பவரிடம் போக்குவரத்துப் பாடம் கேட்டால் அது எங்கே போய் முடியும் என்பதை மாணவர்கள் தாமே ஊகிக்கலாம். அந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகியபோது அரங்கங்களும் தளர்ந்தன. எதிர்கால வாழ்க்கையைக் காட்டிய 'ஹொரைசன்ஸ்' அரங்கத்தை ஜெனரல் எலக்ட்ரிக் 1993-இல் கைவிட்டது. 1999-இல் அது மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. அதன் இடத்தில் எந்தக் கார்ட்டூனும் வரவில்லை, விண்வெளிப் பயணச் சவாரி வந்தது. ஆற்றல் அரங்கம் 2017 ஆகஸ்டில் மூடப்பட்டு, 2022 மே மாதத்தில் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்சி' பாத்திரங்களுடன் வேக ரயிலாகத் திறந்தது. ஆற்றல் என்ற பாடத்துக்கு அங்கே இப்போது இடம் இல்லை.

2023 அக்டோபரில் 'மோனா' படத்தை ஒட்டி அமைக்கப்பட்ட நீர்ப்பாதை இதற்கு நேர்மாறானது. நீர்ச் சுழற்சியை நடந்தபடியே காணலாம். குழந்தைகள் கையை நீட்டினால் நீர் வளைந்து விளையாடுகிறது. மழை எப்படி ஆறாகி மீண்டும் கடலடைகிறது என்பதுதான் அங்கே கதை.

வேளாண்மை அரங்கத்தில் சிம்பாவின் படமும் 2018-இல் நின்றுபோயிற்று. அங்கே 1982-இலிருந்து ஓடும் படகுச் சவாரி மட்டும் இன்னும் தொடர்கிறது. மண்ணில்லாமல் தொங்கவிட்ட வேர்களில் ஊட்ட நீர் தெளித்து வளர்க்கும் செடிகளையும், மீன் வளர்ப்புத் தொட்டிகளையும் கடந்து படகு செல்கிறது. அங்கே விளையும் காய்கறிகள் பூங்காவின் உணவகங்களுக்குப் போகின்றன.