முக்குளிக்கும் பெண்களும் ஆவி படியாத கண்ணாடியும்

மனிதக் கண் ஒளியைக் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கண்ணின் முன்புறத்தில் வளைந்து நிற்கும் ஒளிபுகு தோலாகிய கருவிழிப்படலம் காற்றைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கிடைப்பது. அந்தப் படலத்தின் ஒளிவிலகல் எண்ணும் நீரின் ஒளிவிலகல் எண்ணும் மிக நெருங்கியவை என்பதால், நீருக்குள் கண்ணைத் திறந்தவுடன் அந்த ஆற்றல் கிட்டத்தட்ட முழுவதும் மறைந்து, எதிரிலுள்ள பாறையும் பாசியும் கலங்கிய நிறத்திட்டுகளாகிவிடுகின்றன. இதற்கு மாற்று, கண்ணுக்கும் நீருக்கும் நடுவே சிறிதளவு காற்றைச் சிறைப்படுத்துவது ஒன்றே. ஆனால் அப்படிச் சிறைப்பட்ட காற்று முகத்தோலின் வியர்வையையும் வெப்பத்தையும் ஏற்று ஈரமாகிறது; அதை மூடியிருக்கும் கண்ணாடியோ கடல்நீரால் குளிர்ந்து கிடக்கிறது; ஆகவே காற்றிலுள்ள நீராவி கண்ணாடியின் உட்புறத்தில் திவலைகளாகப் படிந்து பார்வையை மீண்டும் மறைக்கிறது. நீச்சல் கண்ணாடியின் வரலாறு தொடங்கும் இடத்திலேயே ஆவி படிதலின் வரலாறும் தொடங்கிவிடுகிறது.

கண்ணாடி இல்லாமலேயே கடலடியில் வேலை செய்த மக்கள் பலர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கனமான கல்லின் துணையால் விரைந்து அடியிறங்கி, சிப்பிகள் நெருங்கிக் கிடக்கும் பார்களில் பெரும்பாலும் கைத்தடவலாலேயே பையை நிரப்பினர். பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பைக் குறித்து 14-ஆம் நூற்றாண்டின் பயணி இப்னு பதூதா எழுதியதில், ஆமையோட்டாலான முகமூடியும் அதே ஓட்டில் செய்த மூக்குப்பிடியும் இடம்பெறுகின்றன. எனினும் அந்த முகமூடி பார்ப்பதற்கு உதவியதா என்பதை அவருடைய குறிப்பு தெளிவாக்கவில்லை. அந்தமான் கடலோரத்து மோக்கன் மக்களின் பிள்ளைகள் வெறுங்கண்ணால் நீருக்குள் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இருமடங்கு நுட்பமாகக் காண்கின்றனர் என்று 2003-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. கண்மணியை இயன்றவரை சுருக்கிக்கொள்ளும் பழக்கமே அதற்கு முக்கியக் காரணம்.

ஜப்பானின் ஆமா, கொரியாவின் ஜேஜு தீவைச் சேர்ந்த ஹேன்யோ ஆகிய பெண்களின் தொழில் இவற்றினும் வேறானது. காற்றுக்குழாய் எதுவுமின்றி, இழுத்த ஒரே மூச்சில் இறங்கி அவர்கள் தேடும் அபலோனி என்ற ஒற்றை ஓட்டுச் சிப்பி, பாறையின் நிறத்தையே பூண்டு இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருப்பது. அதைக் கண்டுபிடிக்கக் கைத்தடவல் போதாது, கண் வேண்டும். ஒகினாவாத் தீவின் இதோமான் மீனவர்கள் மரச்சட்டத்தில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்த இரட்டைக் கண்ணாடியை 1884-இல் உருவாக்கியதாகக் கூறப்படுகிறது; கடற்கரையில் வளரும் எடை குறைந்த மரம் ஒன்றைக் குடைந்து, அணிபவரின் முகத்துக்கேற்பச் செதுக்கப்பட்ட கருவி அது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முக்குளிக் கண்ணாடிகள் ஜப்பானியக் கரையோரங்களில் பரவியபோது, அபலோனி அடியோடு அழிந்துவிடும் என்று அஞ்சிய சில ஊர்கள் அவற்றைத் தடைசெய்தன. பார்வையைத் தெளிவாக்கும் கருவி அறுவடையை எவ்வளவு பெருக்கும் என்பதற்கு அந்த அச்சத்தைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

ஜேஜுவில் இக்கண்ணாடிகளைச் செய்வது உள்ளூர்க் கைத்தொழிலாகவே வளர்ந்தது. தீவின் கிழக்கிலுள்ள ஹண்டோங், மேற்கிலுள்ள சினொம் ஆகிய இரண்டு ஊர்களின் வேலைப்பாடுகளும் தனித்தனிப் பெயர்களால் அறியப்பட்டன; கண்ணாடியை வைத்துக் காக்கச் சிறிய மரப்பெட்டியும் இருந்தது. ஆயினும் இரட்டைக் கண்ணாடிக்கு ஒரு கொடிய குறை உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் இருமடங்காகிறது; உள்ளிருக்கும் காற்று பாதியளவாகச் சுருங்க முயல்கிறது; கெட்டியான சட்டம் சுருங்க மறுப்பதால், கண்ணும் இமையும் உள்ளிழுக்கப்பட்டு வெள்விழியின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடிக்கின்றன. சில ஆமாக்கள் கண்ணாடியின் பக்கவாட்டில் சிறிய காற்றுப்பைகளை இணைத்து, நீரின் அழுத்தம் அப்பைகளை நசுக்கும்போது அவற்றிலுள்ள காற்று கண்ணாடிக்குள் புகுமாறு செய்துகொண்டனர். இச்சிக்கலை நிலையாகத் தீர்த்தது, மூக்கையும் சேர்த்து மூடும் ஒற்றைக் கண்ணாடி முகமூடிதான். மூக்கு வழியாகச் சிறிது மூச்சை உள்ளே விட்டாலே அழுத்தம் சமப்பட்டுவிடும்.

ஆனால் நுரையீரலிலிருந்து வரும் மூச்சு ஏறக்குறைய உடல் வெப்பத்தோடும் நிறைந்த ஈரத்தோடும் வருவது. அழுத்தத்தைச் சமன்செய்வதற்காக அதை உள்ளே விடும் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த கண்ணாடியின் மேல் ஆவி புதிதாகப் படிகிறது. கண்ணைக் காத்த அதே மாற்றம் பார்வையை மறைக்கும் காரணத்தைப் பெருக்கிவிட்டது என்பது இந்தக் கருவியின் வரலாற்றில் அழுத்திச் சொல்லத்தக்கது. ஆவியைத் தடுக்க வழியில்லாமல் பெரிய முகமூடி இத்தொழிலில் நிலைத்திருக்க முடியாது.

வழி கடற்கரையிலேயே முளைத்துக் கிடந்தது. தமிழ்நாட்டில் மாலைகளில் கட்டப்படும் தவனத்தின் பேரினத்தைச் சேர்ந்த, கொரியாவில் சுக் என்றும் ஜப்பானில் யோமோகி என்றும் வழங்கும் மணமுள்ள செடியின் இலைகளை ஒரு கைப்பிடி பறித்து, பச்சைச் சாறு கசியும்வரை கசக்கி, கண்ணாடியின் உட்புறம் முழுவதும் அழுத்தித் தேய்த்துக் கடல்நீரில் இலேசாக அலசிவிட்டு அணிவது இரு நாட்டு முக்குளிப் பெண்களுக்கும் பொதுவான முறை. அலசல் மிகுந்தால் சாறு முற்றும் கழுவப்பட்டுவிடும். அலசாமல் விட்டால் பச்சை நிறமே பார்வையை மறைக்கும். இந்த அளவைக் கைப்பழக்கமே கற்றுத்தருகிறது. 2016-இல் ஜேஜு ஹேன்யோ பண்பாட்டை யுனெஸ்கோ மானுடத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோது, கடலையும் கடல்வாழ் உயிர்களையும் பற்றிய அவர்களுடைய அறிவுக்கு உரிய மதிப்பு கிடைத்தது. கண்ணாடிப் பரப்பைப் பற்றிய அவர்களுடைய அறிவுக்கும் அதே மதிப்பு உரியது.

அந்த அறிவின் இயற்பியல் ஆய்வகங்களில் தனியே உருவானது. சுத்தமாகத் தோன்றும் கண்ணாடித் தகட்டில் ஊதுகுழல் சுடரை ஓட்டிவிட்டு, ஆறியபின் அதன்மேல் வாயால் ஊதினால், சுடர் சென்ற தடம் மட்டும் மங்காமல் தெளிவாக நிற்பதை ஸ்காட்லாந்து அறிவியலர் ஜான் எய்ட்கென் கவனித்தார். அதே நிகழ்வை 1911-இல் நேச்சர் அறிவியல் இதழில் ஆங்கிலேய இயற்பியலர் ரேலி பிரபு ஆராய்ந்தார். ஆவி எங்கும் படியத்தான் செய்கிறது. சுடர் மாசுகளை எரித்த இடத்தில் அது திவலைகளாகத் திரளாமல் ஒரே சீரான நீர்ப்படலமாகப் பரவுகிறது என்பது அவர்களின் முடிவு. திவலையின் விளிம்பு பரப்போடு ஏற்படுத்தும் கோணத்தைத் தொடுகோணம் என்பர். எண்ணெய்ப்பசையுள்ள பரப்பில் அது பெரிதாகி நீர் குமிழ்ந்து நிற்க, எண்ணற்ற திவலைகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. நீரை நாடும் பரப்பில் கோணம் சுழியை நெருங்கி நீர் தட்டையாகப் பரவ, ஒளி தடையின்றிக் கடக்கிறது. ஆவியைத் தடுப்பது என்பதன் உண்மைப் பொருள் அதைப் படலமாக விரியச் செய்வதே. கண்ணாடியில் தங்கும் இலைச்சாறும் அதைத்தான் செய்கிறது.

மேற்கில் கடல்நீச்சலுக்கான கண்ணாடி பெரும்பாலும் வேறு தொழில்களிலிருந்து கடன்வாங்கப்பட்டது. 1926-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண்ணான கெர்ட்ரூட் எடெர்லே, மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் அணியும் வகைக் கண்ணாடியின் விளிம்புகளை மெழுகால் அடைத்து அணிந்தார். பிற்காலத்தில் கடலாய்வாளராகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் ஷாக் கூஸ்தோ 1936-இல் துலோனை அடுத்த கரையில் ஃபெர்னே எனப்படும் வகைக் கண்ணாடியை அணிந்து முதன்முறை நீருக்குள் நோக்கியதே அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. 1943-இல் நீருக்கடியில் மூச்சுவிட உதவும் தானியங்கிக் காற்றுக்கருவியைச் சோதித்த நாளைப் பற்றி 1953-இல் வெளியான தம் நூலில் எழுதுகையில், ஆவி படியாதிருக்க முகமூடிக்குள் உமிழ்ந்து அலையில் அலசியதையும் அவர் பதிவுசெய்கிறார். உமிழ்நீரிலுள்ள மியூசின் என்ற வழுவழுப்பான புரதம் நீரை நாடுவதால் அதுவும் இலைச்சாற்றின் வேலையையே செய்கிறது.

இந்தச் சிக்கல் கடலோடு நிற்கவில்லை. 1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9 விண்கலத்திலிருந்து வெளிவந்த அமெரிக்க விண்வெளி வீரர் யூஜின் செர்னானின் தலைக்கவச முகப்பு, கடும் உழைப்பால் பெருகிய ஈரம் படிந்து மறைந்துவிட, அவர் மூக்கு நுனியால் தேய்த்து உண்டாக்கிய சிறு இடைவெளி வழியாகப் பார்க்க வேண்டியதாயிற்று. அதன்பின் நிகழ்ந்த பயணங்களில் ஆவித்தடுப்புக் கரைசல் பூசப்பட்டது. பாலிகார்பனேட் என்ற இலேசான நெகிழியால் இன்று செய்யப்படும் நீச்சல் கண்ணாடிகளில் நீரை நாடும் பூச்சு தொழிற்சாலையிலேயே ஏற்றப்படுகிறது. மிக மெல்லிய அப்பூச்சு விரல்பட்டுத் தேய்ந்தால் மீளாது. அதனால் உட்புறத்தைத் துடைக்காமல் நீரில் நனைத்து மட்டும் அணியுமாறு நீச்சல் பயிற்றுநர்கள் வலியுறுத்துகின்றனர். ஹேன்யோக்களின் வெறுங்கண்ணாடிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதன் படலம் கடலில் இறங்குவதற்கு முன் புதிய இலைகளால் மறுபடியும் பூசப்படுகிறது.