மின்சார ஸ்கூட்டர்: கரிசல் காட்டுக்கு எது சரிப்படும்? வேகம், திறன், விலை ஒப்பீடு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் காட்டுக்கும் கடைவீதிக்கும் போய்வர நம் விவசாயிகள் நம்பியிருப்பது டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியைத்தான். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தொட்டபின், மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்று பலரும் விசாரிக்கிறார்கள். கடைக்காரர் முதலில் வேகத்தைச் சொல்வார். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது திறனையும் பேட்டரியையும்.

கிணற்று மோட்டாரை எச்.பி. கணக்கில் பார்ப்பதுபோல இதையும் பாருங்கள். 1 எச்.பி. என்பது 746 வாட். பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை என்று விற்கப்படும் வண்டிகளில் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு எச்.பி.தான். சமதளத்தில் ஓர் ஆள் போகலாம். 45 கிலோ யூரியா மூட்டையை வைத்து ஓடைப் பாலத்தில் ஏறினால் திணறும். விலை குறைந்த சில வண்டிகளில் ஈய-அமில பேட்டரி இருக்கும். அது ஓரிரு வருடத்தில் சோர்ந்துவிடும்.

'ஒரு வயரைக் கழற்றினால் 45-ல் போகும்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேகத்தைக் கூட்டியதுமே அது சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய மோட்டார் வாகனம். பதிவும் இன்சூரன்ஸும் இல்லாமல் விபத்து நடந்தால் நஷ்டஈடு நம் கையிலிருந்துதான் போகும்.

பதிவு செய்யும் வண்டிகளில், ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ஐக்யூப் 2.2 கிலோவாட் அவர் மாடல் 75 கி.மீ. வேகம் போகும். உச்சத்திறன் 4.4 கிலோவாட், ஏறக்குறைய 6 எச்.பி. பஜாஜ் சேத்தக் 2901 மாடலுக்கு வேகம் 63 கி.மீ.தான், ஆனால் பேட்டரி 2.9. இரண்டுமே 2024-ல் 95 ஆயிரம் ரூபாயை ஒட்டிய ஷோரூம் விலையில் வந்தவை. ஏத்தர் 450எக்ஸ் 90 கி.மீ. போகும், உச்சத்திறன் 6.4 கிலோவாட், விலையோ ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். நம் ஊர்ச் சாலையில் அந்த வேகத்துக்கு வேலையில்லை. எனக்குக் கேட்டால், ஒரே விலையில் பேட்டரி பெரிதாக உள்ளதையே எடுப்பேன். இன்றைய விலையையும் மானியத்தையும் கடையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியின் கிலோவாட் அவர் என்பது நம் மீட்டரில் ஓடும் யூனிட்தான். ஒரு யூனிட்டுக்கு 30 கி.மீ. என்று வையுங்கள், மூட்டையும் எதிர்காற்றும் இருந்தால் 25. இந்தக் கணக்கில் 2.2 யூனிட் வண்டி சுமையோடு 55 கி.மீ. ஓடும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போய்வர 30 கி.மீ. போதும். தூத்துக்குடிக்குப் போனால் அங்கே சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது. யூனிட் 6 ரூபாய் என்றாலும் கி.மீ.க்கு 25 காசுக்குள்தான் ஆகும். பெட்ரோலுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல். சார்ஜ் வீட்டு இணைப்பில்தான் போட வேண்டும். பம்ப்செட்டின் இலவச இணைப்பில் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எக்ஸ்எல்லை அடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். எக்ஸ்எல்லுக்குச் சக்கரம் 16 அங்குலம், ஐக்யூப்புக்கு 12. சேற்றில் முறுக்கிக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடேறும். அந்த இரண்டு மாதம் ஸ்கூட்டரை வண்டிப்பாதை முனையில் நிறுத்திவிட்டு உளுந்துக் காட்டுக்குள் நடந்து போவதே நல்லது. பழைய எக்ஸ்எல் ஓடும் நிலையில் இருந்தால் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.