போடிப் பாதையின் சரக்குப் பெட்டி

மூல வைகைக் கரையிலுள்ள மயிலாடும்பாறைக்கு இரயில் வந்ததில்லை. இரயிலைக் காண விழைவோர் ஆண்டிபட்டிக்கோ தேனிக்கோ செல்ல வேண்டும். ஆயினும் எங்கள் பங்கு இல்லத்து மேசைமீது ஒரு சரக்குப் பெட்டி நிற்கிறது. உண்மைப் பெட்டியில் 87இல் ஒரு பங்கு அளவில், பழைய திருமண அழைப்பிதழ் அட்டைகளைக் கொண்டு நான் செய்தது அது. இவ்வளவில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் 11.5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். கதவுச் சட்டங்களுக்குத் தீக்குச்சிகள். அட்டையின் பின்புறத்தை ஊசிமுனையால் மெல்ல அழுத்தினால் முன்புறத்தில் ரிவெட்டுகள் வரிசையாக எழும். இதற்கே மூன்று மாலைகள் ஆயின.

செங்காவி வண்ணம் பூசி, பளபளவென முடித்து, முதியவர் ஒருவரிடம் காட்டினேன். இளமையில் சரக்குக் கொட்டகையில் மூட்டை சுமந்தவர் அவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா இது ஒருநாளும் ஓடாத வண்டி” என்றார்.

உண்மைதான். வெயிலும் மழையும் சுமையும் அதில் இல்லை. அவற்றை ஏற்றுவதற்குமுன் ஒரு வினா எழுந்தது: இது எந்த ஆண்டின் வண்டி?

மலைமேல் ஒரு சிறுபாதை முன்னரே இருந்தது. 1908 முதல் மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. 1924 வெள்ளம் அப்பாதையை அழித்தது. நான்கே ஆண்டுகளில், 1928இல், மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. மேலே பாதை இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை! பின்னர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளங்களே பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில்தான் மீண்டும் இடப்பட்டன. எனவே 1945ஆம் ஆண்டுப் போடி வண்டி என்று ஒன்றை எவராலும் செய்ய இயலாது. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மீட்டர் கேஜ் நிறுத்தப்பட்டது. புதிய பாதையில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் இரயில் வந்தது. இன்றைய சிறுவருக்குப் பழைய குறும்பாதை வெறும் சொல்லே.

நான் முதியவரின் காலத்தையே தேர்ந்தேன். தூத்துக்குடி முதல் போடி வரை அன்று ஒரே அகலப் பாதை. உப்பேற்றிய பெட்டி இடைமாற்றமின்றி வந்துசேர முடியும். “உப்பு ஏத்துன வண்டி அடியிலதான் முதல்ல அரிக்கும்” என்றார் அவர். ஆகவே தரைச்சட்டத்திலும் கதவின் கீழ்விளிம்பிலும் செங்கற்பொடியும் கரித்தூளும் குழைத்துத் தடவினேன். துருக்கறை மழைநீரின் போக்கில் நேர்கீழாக வழிய வேண்டும்; கண்டபடி தீற்றினால் பொய் தெரிந்துவிடும். சக்கரத்தின் புறமெங்கும் அழுக்கு, தண்டவாளத்தைத் தொடும் விளிம்பு மட்டும் வெள்ளிபோல் மின்ன வேண்டும். ஓடும் இரும்பில் துரு தங்காதன்றோ!

மாதிரி இரயிலுக்கு இவ்வாறு அழுக்கேற்றும் கலையைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த ஜான் ஆலன். அவர் 1973இல் மறைந்த சில நாள்களிலேயே, பல ஆண்டுகள் அவர் வளர்த்த மாதிரிப் பாதை தீக்கு இரையாயிற்று. நிழற்படங்கள் எஞ்சின. நாமோ ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் பழைய சுரூபங்களுக்குப் புது எனாமல் பூசி, நூறாண்டு மெழுகுதிரிப் புகையை மறைத்துவிடுகிறோம். இதில் நானும் குற்றவாளியே.

பெட்டியை மீண்டும் முதியவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கதவோரத்தைத் தொட்டு, “சாக்கட்டி எழுத்து எங்க சாமி?” என்றார். சாக்கட்டியைக் கூராக்கி, பூதக்கண்ணாடியின்கீழ் ‘போடி’ என்று எழுதினேன். மேலே வார்னிஷ் பூச எடுத்த தூரிகையை அவர் தடுத்தார்.

“வேணாம். அடுத்த ஊருல அழிச்சிட்டு வேற எழுதுவாங்க.”